நாட்பட்ட இடுப்பு வலியில் நரம்பு வலியைக் கண்டறிவது எப்படி?

கேள்வி:
என் அப்பாவுக்கு வயது 61. நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலி உள்ளது. முன்பு குனிந்து நிமிரும்போது மட்டும் பிடித்துக்கொண்ட வலி, ஆறு மாதங்களாக இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்காலின் வெளிப்புறம் வழியாகப் புறங்கால் வரை இறங்குகிறது. மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிகிறது என்கிறார். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4–எல்5 ஜவ்வு (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருப்பதாக உள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. இது நரம்பு வலிதான் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட்):
அந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஏனெனில் வலியே இல்லாதவர்களிடமும், அதிலும் வயது ஏற ஏற, ஜவ்வுப் பிதுக்கம் சாதாரணமாகக் காணப்படுகிறது. அப்பா சொன்ன அந்த 'மிளகாய்' என்ற சொல்லையே நான் முதலில் குறித்துக்கொள்வேன். எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை நரம்பு வலிக்கே உரிய மொழி. பிரான்சில் உருவாக்கப்பட்டு 2005இல் வெளியான டி.என்.4 என்னும் வினாப்பட்டியல் இத்தகைய 7 அறிகுறிகளைக் கேட்டறிந்து, தொடு உணர்வும் குத்தல் உணர்வும் குறைந்திருக்கின்றனவா என்பதையும், மென்மையாக வருடும்போது வலி கூடுகிறதா என்பதையும் சோதிக்கிறது; மொத்தம் 10இல் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு வலி என்று கருத இடமுண்டு. ஆனால் அது ஒரு சல்லடை மட்டுமே. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தும்போது அதே வலி முழங்காலுக்குக் கீழே ஓடுகிறதா, கால் கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கும் வலு குறைந்திருக்கிறதா, புறங்காலில் உணர்வு மங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் சொல்லும் பாதை இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பின் பாதையோடு பொருந்துகிறது.

பதில் 2 (மூன்று ஆண்டுகள் இதே வலியில் இருந்தவர்):
நான் "வலிக்கிறது" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததால் வெறும் வலி மாத்திரைகளோடு காலம் கழிந்தது. போர்வை உரசினாலே கால் எரிகிறது என்று சொன்ன அன்றுதான் சிகிச்சையின் திசை மாறியது. ஒரு வாரம் அப்பா சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்:
வலது பாதத்திலும் விரல்கள் மரத்திருப்பதாக நேற்றுதான் சொன்னார். அப்படியானால்?

பதில் 3 (பொது மருத்துவர்):
அந்தத் தகவல் முக்கியமானது. சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தது போல மேலேறும். இடுப்பில் நரம்பு வேர் அழுந்துவதால் வரும் வலி பெரும்பாலும் ஒரே காலில், ஒரு கோடு போல இறங்கும். உங்கள் அப்பாவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதால் இரு பாதங்களையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடங்காமை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.