ஆறு வாக்குகளில் கைமாறிய ரன்கார்ன்: மக்கள் சொன்னதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ரன்கார்ன்–ஹெல்ஸ்பி நாடாளுமன்றத் தொகுதியில் 2025 மே 1 அன்று நடந்த இடைத்தேர்தலில், ஆளும் தொழிற்கட்சி, குடியேற்றத்தை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யுகே என்ற வலதுசாரிக் கட்சியிடம் ஆறே வாக்குகளில் தோற்றது. மறு எண்ணிக்கை முடிந்து மறுநாள் விடியற்காலையில் வெளியான முடிவின்படி, ரிஃபார்ம் வேட்பாளர் சாரா போச்சின் 12,645 வாக்குகளும் தொழிற்கட்சி வேட்பாளர் கேரன் ஷோர் 12,639 வாக்குகளும் பெற்றனர். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, 2024 பொதுத்தேர்தலில், இதே தொகுதியில் தொழிற்கட்சி 14,696 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தது.

அப்போது வெளிவந்த எதிர்வினைகளைத் தொடர்ந்து படித்து வந்தேன். குடியேற்றத்தின் மீதுள்ள கோபமே காரணம் என்றார்கள் சிலர். ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை அரசு வெட்டியதற்குக் கிடைத்த தண்டனை இது என்றார்கள் வேறு சிலர். பசுமைக் கட்சி வாக்கைப் பிரித்துவிட்டது என்று தொழிற்கட்சி ஆதரவாளர்கள் வருந்தினார்கள். தொகுதிவாசி ஒருவரைத் தாக்கிய வழக்கில் தண்டனை பெற்று முந்தைய உறுப்பினர் பதவி விலகியதால் வந்த தேர்தல் இது, ஆகவே இதில் பெரிதாக எதையும் காண வேண்டியதில்லை என்றவர்களும் உண்டு. இவற்றில் எதை ஏற்பது? மேலும், இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் தோற்ற ஒரு கட்சி ஏன் நீதிமன்றத்தை நாடவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

ஆறு என்ற எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, 2024க்கும் 2025க்கும் இடையில் ஒவ்வொரு கட்சியும் பெற்ற வாக்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சதவீதம் எதை மறைத்ததோ அதை அந்த எண்ணிக்கை காட்டும். தொழிற்கட்சி 22,358 வாக்குகளிலிருந்து 12,639க்கு இறங்கியது; அதாவது 9,719 வாக்குகளை இழந்தது. ரிஃபார்ம் 7,662இலிருந்து 12,645க்கு ஏறியது. கூடுதலாகக் கிடைத்தவை 4,983. கன்சர்வேட்டிவ் கட்சி 6,756இலிருந்து 2,341க்குச் சரிந்தது. அதன் இழப்பு 4,415. ரிஃபார்ம் பெற்றதற்கும் கன்சர்வேட்டிவ் இழந்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

தொழிற்கட்சி இழந்த வாக்குகள் அப்படியானால் எங்கே போயின? பதிவான மொத்த வாக்குகள் ஏறத்தாழ 9,600 குறைந்துள்ளன. இது தொழிற்கட்சியின் இழப்பை அநேகமாக ஈடுசெய்யும் எண். தொழிற்கட்சிக்கு முன்பு வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினர் கட்சி மாறவில்லை, வாக்குச்சாவடிக்கு வரவே இல்லை என்று கொள்வதே இந்தக் கணக்கிற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆளும் கட்சியிடமிருந்து ரிஃபார்ம் போன்ற வெகுசனவாதிகளிடம் மக்கள் கூட்டமாக ஓடிப்போனார்கள் என்ற சித்திரம் அன்று காலையிலேயே தலைப்புச் செய்திகளில் பரவிவிட்டது. அந்தச் சித்திரத்தை நம்பித்தான் ஆளும் கட்சி தன் அடுத்த அடியைத் தீர்மானித்தது என்பதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. விட்டுப்போனவரை இழுத்துவரத் தேவைப்படும் பேச்சு வேறு, வீட்டிலேயே இருந்துவிட்டவரை எழுப்பத் தேவைப்படும் பேச்சு வேறு.

மறுமொழி 2

மேலே நண்பர் தந்துள்ள எண்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை மட்டும் மறுக்கிறேன். இடைத்தேர்தல்களில் எல்லாக் கட்சியினருக்கும் ஆர்வம் குறையும். ரன்கார்னில் வாக்குப்பதிவு 46 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. பொதுத்தேர்தலில் அது ஏறக்குறைய 60 சதவீதம். கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்களும் கணிசமாக வீட்டில் இருந்திருப்பார்கள், 2024இல் ரிஃபார்முக்கு வாக்களித்தவர்களிலும் ஒரு பகுதியினர் வராமல் இருந்திருப்பார்கள். அப்படியிருந்தும் ரிஃபார்மின் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்றால், புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே கட்சியிலிருந்து வந்தவர்களாக இருக்க முடியாது. தொழிற்கட்சியிலிருந்து நேராகக் கடந்து போனவர்கள் நிச்சயம் உண்டு. வாக்குச்சீட்டு இரகசியமானது, மொத்த எண்ணிக்கைகளைக் கழித்துப் பார்ப்பதால் மட்டும் தனி மனிதர்கள் நகர்ந்த திசை தெரிந்துவிடாது.

அதே நாளில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் நடந்த உள்ளாட்சித் தேர்தல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிஃபார்ம் 677 கவுன்சில் இடங்களையும், பத்து கவுன்சில்களின் கட்டுப்பாட்டையும், கிரேட்டர் லிங்கன்ஷயர், ஹல் மற்றும் கிழக்கு யார்க்ஷயர் ஆகிய இரண்டு மேயர் பதவிகளையும் வென்றது. அவ்விடங்களில் பெரும்பாலானவை கன்சர்வேட்டிவ் கட்சியிடம் இருந்தவை என்பது உண்மையே. ஆனால் சுரங்கத் தொழிலாளர்களின் மாவட்டமாக அறியப்பட்டு, 2021 வரை பல பத்தாண்டுகள் தொழிற்கட்சியின் கையில் இருந்த டர்ஹாமும் அந்தப் பத்தில் ஒன்று. அங்கே தொழிற்கட்சிக்கு மிஞ்சிய இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வீட்டில் இருந்தவர்களால் மட்டும் இது நேர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 3

நான் இங்கே பிரித்தானியாவில் முதியோர் பராமரிப்பில் பணியாற்றுபவள். ஆகவே குளிர்கால உதவித்தொகையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்திற்கு 200 பவுண்டு, எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால் 300 பவுண்டு என்பது அரசின் வரவு செலவுக் கணக்கில் சிறு தொகையாக இருக்கலாம். 2024 ஜூலை இறுதியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை மிக வறிய ஓய்வூதியர்களுக்கு மட்டும் என்று சுருக்கியபோது, ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதை இழந்தார்கள். தேர்தல் அறிக்கையில் அப்படி ஒரு சொல்லும் இருக்கவில்லை. வெற்றி பெற்ற நான்கு வாரங்களுக்குள் வந்த அறிவிப்பு அது. வறுமை வரம்பிற்குச் சற்று மேலே இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வாழ்நாள் முழுவதும் உழைத்து ஒரு சிறிய தொழில்முறை ஓய்வூதியத்தைச் சேர்த்து வைத்திருந்த குற்றத்திற்காக அந்த வரம்பைத் தாண்டிவிட்டவர்கள் அவர்கள். 2025 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையிலும் வெட்டு அறிவிக்கப்பட்டபோது, இந்த அரசு யாருடையது என்ற கேள்வி நான் பழகும் முதியவர்களிடையே வெளிப்படையாகவே எழுந்தது. அவர்களில் ஒருவரும் என்னிடம் குடியேற்றத்தைப் பற்றி முதலில் பேசியதில்லை.

தோல்விக்குப் பின் நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். முடிவு வந்த அன்று, மாற்றத்தை இன்னும் விரைவாகக் கொண்டுவருவேன் என்றார் பிரதமர் கியர் ஸ்டார்மர். மே 12 அன்று குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் வெள்ளை அறிக்கையை வெளியிட்டு, நாடு அந்நியர்களின் தீவாக மாறும் அபாயம் உள்ளது என்று பேசினார். அந்தச் சொற்களுக்காக ஜூன் மாதத்தில் அவரே வருத்தம் தெரிவித்தார். மே 21 அன்று, குளிர்கால உதவித்தொகை மேலும் பல ஓய்வூதியர்களுக்குக் கிடைக்கும்படி அந்த வெட்டைத் தளர்த்தப் போவதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள ஓய்வூதியர்களுக்கு அது மீண்டும் கிடைக்கும் என்று ஜூன் 9 அன்று விவரம் வந்தது. மூன்று வாரங்களுக்குள் ஒரே தோல்வியிலிருந்து இரண்டு எதிரெதிர்ப் பாடங்கள் படிக்கப்பட்டுவிட்டன. உதவித்தொகையை மீட்டுத் தந்ததை நான் மனமார வரவேற்கிறேன். அதை ஏப்ரல் மாதத்தில் செய்திருந்தால், ஏழு பேராவது கூடுதலாக வந்திருக்க மாட்டார்களா என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரன்கார்னில் புகலிடம் கோருவோர் தங்கவைக்கப்பட்டிருந்த விடுதியை மூட வேண்டும் என்று தொழிற்கட்சி வேட்பாளரே பிரசாரம் செய்தார். எதிராளி தேர்ந்தெடுத்த களத்தில் போய் நின்றால், அக்களத்தின் முக்கியத்துவத்தை நாமே உறுதிப்படுத்துவதாகிவிடும் என்பது அரசியலில் நெடுங்காலம் இருப்பவர்களுக்குத் தெரியாததா?

மறுமொழி 4

நீதிமன்றம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான விடை: பிரித்தானியாவில் முடிவு அறிவிக்கப்பட்ட பின் மறு எண்ணிக்கை கேட்க இயலாது. 21 நாட்களுக்குள் தேர்தல் மனு ஒன்றைத் தாக்கல் செய்யலாம். ஆனால் வித்தியாசம் சிறியது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது, நடைமுறைத் தவறோ முறைகேடோ முடிவைப் பாதித்தது என்று காட்ட வேண்டும்.

1997 பொதுத்தேர்தலில் வின்செஸ்டர் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் மார்க் ஓட்டன் இரண்டே வாக்குகளில் வென்றார். அலுவலக முத்திரை இடப்படாததால் ஒதுக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளைக் காரணம் காட்டி, தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றமும் அவர் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்டு தேர்தலைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் மறுதேர்தல் நடந்தபோது ஓட்டன் 21,556 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளாதவரை வாக்காளர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு அந்நாட்டுக் கட்சிகள் அனைத்தும் நினைவில் வைத்திருக்கும் எடுத்துக்காட்டு அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இடைத்தேர்தல்களைப் பொறுத்தவரை, 1973இல் பெரிக்–அபான்–ட்வீட் தொகுதியில் பதிவான 57 வாக்கு வித்தியாசமே ரன்கார்னுக்கு முன்பு வரை மிகக் குறைவானதாக இருந்தது.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. அம்மையார் தந்த தேதி வரிசை எனக்குப் பல விஷயங்களைத் தெளிவாக்கியது. ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. பசுமைக் கட்சிக்கு 2,314 வாக்குகள் கிடைத்துள்ளன. அவர்களில் ஏழு பேர் தொழிற்கட்சிக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது கணக்களவில் உண்மைதானே? அவர்கள் மீது பழி சொல்வது நியாயமா?

மறுமொழி 5

கணக்களவில் உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு எந்தப் பக்கமும் திரும்பும். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களித்த 2,341 பேரில் சில நூறு பேர் ரிஃபார்மைச் சேர்ந்திருந்தால் வித்தியாசம் நூற்றுக்கணக்கில் போயிருக்கும். ஒருவருடைய வாக்கை முன்கூட்டியே தனக்கு உரியதாக எண்ணிக்கொண்டு, அது வேறிடம் போனபின் களவு போனதாகப் புகார் சொல்லும் மனப்பான்மைதான் ஆளும் கட்சியை இந்நிலைக்குக் கொண்டுவந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்குச் சான்றாக, 2025 அக்டோபர் 23 அன்று வேல்ஸ் நாடாளுமன்றத்திற்கு நடந்த கேர்ஃபிலி இடைத்தேர்தலைச் சொல்வேன். 1999இல் அந்த அவை தொடங்கியதிலிருந்து தொழிற்கட்சி வென்றுவந்த தொகுதி அது. ரிஃபார்ம் அங்கே 36 சதவீதம் வாங்கியது. ரன்கார்னில் வாங்கியதை விடச் சற்றுத்தான் குறைவு. ஆனால் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 47 சதவீதத்துடன் வென்றது, தொழிற்கட்சி 11 சதவீதத்துடன் மூன்றாம் இடத்துக்குப் போனது. வாக்குப்பதிவோ குறையவில்லை, 2021 தேர்தலைக் காட்டிலும் உயர்ந்து பாதியைத் தாண்டியது. ரிஃபார்மைத் தடுக்க விரும்புகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், நம்பத் தகுந்த இடம் ஒன்று தென்பட்டால் திரண்டு வருகிறார்கள் என்பதை அங்கே கண்டோம். முதல் மறுமொழியாளர் சொன்ன, வீட்டில் இருந்துவிட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். தொழிற்கட்சியை அந்த நம்பத் தகுந்த இடமாக அவர்கள் கருதவில்லை.

பிரித்தானியாவில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை உண்டு. நம்மவர்களில் பலர் பட்டியலில் பெயரைப் பதிவதே இல்லை. ஆறு வாக்குகளில் ஒரு தொகுதி கைமாறும் காலத்தில் இதை நான் சும்மா கடந்துபோக இயலாது. இக்கேள்வியைப் படிப்பவர்களில் அங்கே வசிப்பவர்கள் இருந்தால், உள்ளூர் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.