கண்ணாடிக்குள் பொம்பிளையின் முகம் மங்குகிறது, அவசரம்

கல்முனைத் தம்பி: நாளை விடியக் கல்யாண வீடு. பொம்பிளை அலுமாரிக் கண்ணாடி முன் நின்று தோடு போடுவது போல ஒரு படம் வேண்டும் என்கிறார்கள். தங்கச்சியை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துப் பூவேலை துல்லியமாக விழுகிறது, உள்ளே முகம் மட்டும் மங்கல். லென்ஸ் பழுதா? உடனே சொல்லுங்கள்.

ஆரையம்பதியான்: என்ன லென்ஸ்? அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் திறப்பு, எஃப் எண்) எவ்வளவு? கண்ணாடிக்கு எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? ஒன்றும் சொல்லவில்லையே.

பாசிக்குடா: கண்ணாடி பழசாக இருக்கும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றுக்குப் பின்பூச்சு கறுத்துவிடும். எங்கள் அலுமாரியில் ஓரமெல்லாம் புள்ளி. புதுசு ஒன்றை வைத்துப் பாருங்கள்.

ஆரையம்பதியான்: பூச்சு போனால் புள்ளிதான் விழும். முகம் ஏன் மங்க வேண்டும்?

மூத்த கமரா: நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குக் கேள்வி! பள்ளிக்கூடத்தில் தளவாடி (சமதளக் கண்ணாடி) படிக்கவில்லையா? பொருள் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறதோ, விம்பம் அவ்வளவு பின்னால். கமராவுக்கும் அதே கணக்குத்தான். சட்டத்துக்கு ஃபோகஸ் வைத்தால் சட்டம்தான் வரும். அடிப்படை தெரியாமல் கல்யாண ஓர்டர் எடுக்கக் கூடாது.

அக்கரைப்பற்று அக்கா: கேட்க வந்த பிள்ளையை ஏன் வெருட்டுகிறீர்கள்? தம்பி, தூரத்தைச் சொல்லுங்கள்.

கல்முனைத் தம்பி: கிராப் சென்சர் (சின்ன சென்சர்) கமரா. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, துவாரம் அகலத் திறந்தது. நான் கண்ணாடிக்கு ஐந்தடி, தங்கச்சி இரண்டடி. கமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கிறது.

அக்கரைப்பற்று அக்கா: சரி. ஐந்தும் இரண்டும் ஏழு. உங்கள் கமராவுக்கு அந்த முகம் ஏழடியில் இருக்கிறது. எஃப் 1.8இல் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் அரை அடி கூட இல்லை. முகம் மட்டும் போதும் என்றால் ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, கண்ணாடிக்குள் தெரியும் கண்ணிலேயே பூட்டுங்கள். கமராவே முகம் தேடும் வசதியை நிறுத்திவிடுங்கள், அது இந்தப் பக்கம் தெரியும் கன்னத்துக்குப் பாய்ந்துவிடும்.

பொம்பிளையின் தோளும் கொண்டையும் மூன்றடியிலேயே இருக்கிறது. அதுவும் தெளிவாக வேண்டும் என்றால் 50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினாலும் எட்டாது. கிட் லென்ஸை 18இல் வையுங்கள், எஃப் 8, ஐந்தடிக்கு ஃபோகஸ். ஏறக்குறைய மூன்றடியிலிருந்து இருபதடி வரை பிடிக்கும். வெளிச்சம் குறையும், ஆகவே ஜன்னலைத் திறந்து, ட்ரைபொட் வைத்து, பொம்பிளையை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பிளாஷை நேரே அடித்தால் அந்த வெளிச்சம் கண்ணாடியிலேயே வெடிக்கும். சீலிங்குக்குத் திருப்புங்கள், சீலிங் இல்லாத ஓட்டு வீடென்றால் பக்கத்து வெள்ளைச் சுவருக்குத் திருப்புங்கள்.

பாசிக்குடா: லென்ஸில் போலரைசர் (தெறிப்பை வடிக்கும் ஃபில்டர்) போட்டாலும் கண்ணாடி தெளியும். கல்லடிப் பாலத்தடியில் மட்டக்களப்பு வாவியை எடுக்க நான் அதைத்தான் போடுவேன்.

ஆரையம்பதியான்: தண்ணீர் வேறு, இது வேறு. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அதன் தெறிப்பைப் போலரைசர் வடிக்காது. வெளிச்சம்தான் வீணாகக் குறையும்.

பாசிக்குடா: என் படங்களில் பாலத்தின் விம்பம் கறுப்பாக, அழகாக விழுகிறதே?

ஆரையம்பதியான்: போலரைசர் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள் அண்ணே. தண்ணீருக்குச் செங்குத்திலிருந்து 53 பாகை அளவில் சாய்ந்து பார்க்கும்போது விம்பமே அழிந்து அடிமணல் தெரியும். விம்பம் வேண்டுமானால் கழற்றிவிட்டு எடுப்பதுதான் நல்லது.

பாசிக்குடா: வாவியில் எங்கே அடிமணல் தெரிகிறது? நீங்கள் அங்கே நின்று எடுத்ததே இல்லைப் போல.

மூத்த கமரா: பாலத்தின் விம்பத்துக்கும் பாலத்தின் தூரத்துக்கே ஃபோகஸ் வைக்க வேண்டும், தண்ணீர்ப் பரப்புக்கு அல்ல. இதையாவது இரண்டு பேரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்முனைத் தம்பி: கிட் லென்ஸ், எஃப் 8. முகமும் வந்தது, கொண்டையும் வந்தது. நன்றி அக்கா.

ஆரையம்பதியான்: ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தீர்கள்? படத்தையும் போடுங்கள், பார்ப்போம்.