மட்டாஞ்சேரி யூதர் கோயிலுக்கு ஏன் "பரதேசி"ன்னு பேரு?

ஊர்சுத்தி:
போன வாரம் கொச்சி போனப்ப ஜூ டவுன் தெருக்கோடியில இருக்கற அந்த சினகாக்குக்கும் போனோம். பரதேசி சினகாக்னு பேரைக் கேட்டதும் கூட வந்த பசங்க ஒரே சிரிப்பு. நம்ம ஊர்ல திட்டறதுக்குத்தானே இந்த வார்த்தை, சாமி கும்பிடற இடத்துக்கு எப்படி வந்துச்சு? இன்னொண்ணு, தரையில இருக்கற நீல டைல்ஸ்ல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு கைடு சொன்னாரு, குனிஞ்சு பாத்தா அதே மரம் நாலஞ்சு டைல்ல இருக்கு. எது நிஜம்?

பழங்கணக்கு:
பரதேசின்னா வேற தேசத்துக்காரன், அவ்ளோதான், நாமதான் அதைப் பிச்சைக்காரன் ரேஞ்சுக்கு இறக்கிட்டோம். 1492ல ஸ்பெயின் யூதர்களைத் துரத்தி விட்டுச்சு, அப்புறம் போர்ச்சுகல்லயும் இருக்க முடியல, அப்படி எங்கெங்கயோ சுத்தி வந்தவங்களும் மேற்காசியாவுலேந்து வந்தவங்களும் சேர்ந்து 1568ல கட்டினது இது. அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே அங்க மலபார் யூதர்கள் இருந்தாங்க, அவங்க கண்ணுக்கு இவங்க பரதேசி. கொச்சங்காடியில 1344ல கட்டின கோயில் ஒண்ணு இருந்துச்சு, அது போயிருச்சு, அதோட கல்வெட்டை மட்டும் இங்க வெளிச்சுவத்துல பதிச்சிருக்காங்க. 1662ல போர்ச்சுகீசியர் இதையும் நாசம் பண்ணிட்டாங்க, டச்சுக்காரங்க வந்தப்புறம் 1664ல சரி பண்ணாங்க.

ஓட்டுவீடு:
டைல்ஸ் விஷயத்துல கைடும் சரி நீங்களும் சரி. 18ம் நூற்றாண்டுல சீனாவோட கான்டன்லேந்து வந்தது, டிசைன் திரும்பத் திரும்ப வரும், ஆனா எல்லாம் கையால வரைஞ்சது, ஒரே ஆள் தினம் போடற கோலமே கொஞ்சம் மாறுதில்ல, அது மாதிரி. அந்தக் காலத்துப் பெரிய வியாபாரி எசக்கியேல் ரஹபிதான் வெளிய இருக்கற மணிக்கூண்டையும் கட்டினாரு, ஒரு முகத்துல ஹீப்ரு எண், ஒண்ணுல ரோமன், ஒண்ணுல மலையாளம். எல்லாரும் சரவிளக்கையே அண்ணாந்து பாத்துட்டு வந்துருவாங்க, என்னைக் கேட்டா பாக்க வேண்டியது வேதம் படிக்கற மேடை. நடுவுல பித்தளைக் கிராதி போட்டு ஒண்ணு இருக்குல்ல, மாடியில பெண்கள் பகுதிக்கு முன்னாடி இன்னொண்ணு உண்டு, ரெண்டு மேடை வைக்கறது கேரளா சினகாக் ஸ்டைல்.

பழங்கணக்கு:
ஒண்ணு விட்டுட்டேன். விடுதலையான அடிமைகளோட வம்சத்துல வந்தவங்களை இந்தப் பரதேசி யூதர்கள் சமமா உள்ள உக்கார விடல. 20ம் நூற்றாண்டுல அந்த வம்சத்து வக்கீல் ஏ. பி. சேலம் அந்தக் கோயிலுக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணித்தான் அந்தப் பழக்கத்தை அசைச்சாரு.

ஊர்சுத்தி:
அடப்பாவமே, இதைக் கைடு சொல்லவே இல்ல. மாடி மேடையையும் பாக்கல, அடுத்த தடவைதான்.

ஓட்டுவீடு:
சனிக்கிழமை மட்டும் போயிராதீங்க, சபாத், அதாவது யூதர்களோட வார ஓய்வு நாள், பூட்டியிருக்கும்.