‘ஃபன் ஹவுஸ்’ ஆல்பம் மாதிரி ஒரே அறையில் லைவாகப் பதிவு செய்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே, ரெக்கார்டிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

நாங்கள் நாலு பேர் மொட்டைமாடி அறையில் பங்க் ராக் இசை வாசிக்கிறோம். சொந்தப் பாட்டுகளைச் சீக்கிரம் பதிவு செய்யப் போகிறோம். மனதில் இருக்கிற சத்தம் அமெரிக்க ராக் குழுவான தி ஸ்டூஜஸின் இரண்டாவது ஆல்பமான ‘ஃபன் ஹவுஸ்’ (1970). ஜான் கேல் தயாரித்த முதல் ஆல்பமும் (1969) அருமைதான், ஆனால் ‘ஃபன் ஹவுஸ்’ ஆல்பத்தில் சத்தமும் அதிகம், இருட்டும் அதிகம். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டான் கலூச்சி அவர்களை மேடையில் போலவே சேர்ந்து வாசிக்கவிட்டார். பாடகர் இக்கி பாப் மைக்கைக் கையில் பிடித்தே பாடினார். அதில் ‘டர்ட்’ என்ற பாட்டு ஏழு நிமிடம் ஓடும். பேஸும் டிரம்ஸும் அவசரமே படாமல் நகர, ரான் ஆஷ்டனின் கிட்டார் மேலே புகைந்துகொண்டே இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும். இரண்டாம் பக்கத்தில் ஸ்டீவ் மெக்கேயின் சாக்ஸபோன் வந்ததும் எல்லாம் கட்டவிழ்ந்துவிடும்.

எங்கள் பிரச்சினை டிரம்ஸ். அறை சின்னது, சிம்பல் சத்தம் முழுக்கப் பாட்டு மைக்கில் ஏறிவிடுகிறது. குரலைத் தனியாகப் பிறகு பதிவு செய்ய எங்களுக்கு மனமில்லை, சேர்ந்து வாசிக்கும்போது வருகிற வெறி அதில் போய்விடும். பாடுபவரை எந்தப் பக்கம் நிறுத்தலாம்? கிட்டார் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) எங்கே திருப்பி வைக்கலாம்? எட்டு மைக் வரை கம்ப்யூட்டரில் இணைக்கும் எட்டு சானல் ஆடியோ இன்டர்ஃபேஸும் சாதாரண டைனமிக் மைக்குகளும் இருக்கின்றன. டிரம்ஸுக்கு எத்தனை மைக் போதும்? இப்படிப் பதிவு செய்த அனுபவம் உள்ளவர்கள் அறை அமைப்பின் படமும் போட்டால் பெரிய உதவி.