வரியும் வரியும் முட்டிக்கொண்ட ஆண்டு மலர்

எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலரை நான் வடிவமைத்தபோது நடந்தது இது. ஏ4 அளவு, 96 பக்கம். அதுவரை நான் செய்ததெல்லாம் ஆங்கில வேலைகள்தான். அதே பழக்கத்தில் பக்கத்துக்குச் செய்தித்தாள் மாதிரி நெடுக்காக மூன்று பத்தி, எழுத்து 10 பாயின்ட் (72 பாயின்ட் ஓர் அங்குலம்), வரி இடைவெளி 12 பாயின்ட் என்று கிரிட், அதாவது பக்கத்தின் கட்டக்கோடுகள், போட்டுவிட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தவரை நன்றாகத்தான் இருந்தது.

புரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரி அச்சு, கைக்கு வந்ததும் மனசு விட்டுப்போச்சு. மேல் வரியில் ‘நூ’, ‘று’ வந்த இடமெல்லாம் அதன் வால் கீழ் வரியின் ‘தீ’, ‘ணீ’ மேல்சுழியில் போய் இடித்தது. 53 மில்லிமீட்டர் பத்தியில் ‘எழுதிக்கொண்டிருந்தார்கள்’ மாதிரி ஒரு சொல் வந்தாலே வரியில் பெரும்பகுதி போய்விடுகிறது. இரண்டு ஓரமும் சமமாக வர வேண்டும் என்று ஜஸ்டிஃபை வேறு செய்திருந்தேன். மிச்சமிருந்த சொற்களுக்கு நடுவே ஒரே வெள்ளை.

அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்திலிருந்தே எழுத்துக் கோக்கும் கம்போசிங் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். “தம்பி, இங்கிலீஷ்ல கீழே இறங்குறது நாலஞ்சு எழுத்துதான். நமக்கு உகரம் வந்தா கீழே இறங்கும், இகரம் வந்தா மேலே ஏறும். வரிக்கு நடுவுல நாங்க ஈயத் தகடு கூடுதலா வைப்போம்” என்றார். வரி இடைவெளியை நாம் லீடிங் என்று சொல்வதே அந்த ஈயத்துக்கான ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, எழுத்துகள் உட்காரும் கோடான பேஸ்லைனிலிருந்து தொடங்கினேன். எழுத்து 10.5, லீடிங் 16. பக்கத்துக்கு 45 வரி. மொத்தம் 720 பாயின்ட், சரியாகப் பத்து அங்குலம். தலைப்பு 21 பாயின்ட், இரண்டு வரி உயரத்தில் உட்கார்ந்தது. படக்குறிப்பு 8 பாயின்ட், லீடிங் 12. அதில் நான்கு வரி, கட்டுரையின் மூன்று வரிக்குச் சமம் என்பதால் அடியில் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பக்கத்தின் அகலத்தை ஆறாகப் பிரித்து, கட்டுரைக்கு மும்மூன்றாகச் சேர்த்து இரண்டு பத்தி. படங்களுக்கு இரண்டோ நான்கோ. ஜஸ்டிஃபையை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் நேராக விட்டேன்.

பதினாறு பக்கம் கூடியது. செலவை நினைத்து மலர்க்குழு தயங்கியது. இரண்டு புரூஃபையும் மேசையில் அருகருகே வைத்தேன். நூலகத்துக்குத் தினமும் வரும் முதியவர்கள் படிக்கப்போகும் மலர் என்றும் சொன்னேன். சரி, வாழ்த்துரைகளைக் குறைத்துக்கொள்வோம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரும்போது எழுத்தளவை எப்படிப் பொருத்துகிறீர்கள்? நான் ஆங்கிலத்தை ஒரு பாயின்ட் குறைத்துப் பார்த்தேன், திருப்தியில்லை.