பறக்கும் தட்டு வீட்டைக் காகிதத்தில் செய்த கதை: செய்து பார்த்தவர்கள் நீங்களும் சொல்லுங்கள்

ஊட்டிக்காரன்

ஃபியூச்சுரோ வீடு தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் மாட்டி சூரோனென், பனிச்சறுக்குப் போகிறவர்கள் தங்குவதற்கென்று 1968இல் வடிவமைத்த கண்ணாடியிழை பிளாஸ்டிக் வீடு அது. குறுக்கே சுமார் 8 மீட்டர், உயரம் சுமார் 4 மீட்டர், முட்டை வடிவ ஜன்னல்கள், விமானத்தில் இருப்பது போல வெளியே இறங்கிப் படியாக மாறும் கதவு, நாலு கால் வைத்த இரும்பு வளையத்தின் மேல் மொத்த வீடும் உட்கார்ந்திருக்கும். ஹெலிகாப்டரில் அப்படியே தொங்கவிட்டு எடுத்துப் போகலாம், 20 டிகிரி சரிவில்கூட நிறுத்தலாம் என்பதுதான் அதன் பெருமை. நூறுக்கும் குறைவாகத்தான் செய்தார்கள், 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை எகிறியதும் கடையை மூடிவிட்டார்கள்.

நம்ம ஊரில் ஒரு வீடு கட்ட சரிவை ஜேசிபி விட்டு வெட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, அடுத்த மழைக்கு அந்தச் சுவர் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதனாலேயே இதன் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். பிளாஸ்டிக் வீடு நீலகிரிக்கு ஆகாது, தண்ணி பாட்டிலுக்கே இங்கே தடை. அதனால் காகிதம், அதுவும் 1:50 அளவில், அதாவது குறுக்கே 16 செ.மீ.

சிக்கல் எங்கே என்றால், காகிதம் ஒரு பக்கமாக மட்டும்தான் வளையும். குழாயாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளை என்றால் மடிப்பு விழும், இல்லாவிட்டால் கிழியும். இந்த வீடோ எங்கே தொட்டாலும் இரண்டு பக்கமும் வளைந்திருக்கிறது. நிஜ வீட்டை 16 துண்டுகளாக வார்த்து போல்ட் போட்டு இணைத்தார்கள், மேலே 8, கீழே 8. அதே கணக்கில் காகிதத்தை வெட்டினால் குடை மாதிரி எட்டுப் பட்டையாகத் தெரிகிறது. அதனால் மேல் மூடிக்கு மட்டும் 16 இதழ், அடிப்பாகத்துக்கும் அப்படியே 16. விளிம்புச் சுற்றளவு 50 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், பதினாறால் வகுத்தால் ஒரு இதழின் அகலம் 3.14 செ.மீ. விளிம்பிலிருந்து உச்சிவரை வளைவின் மேலேயே அளந்தால் இதழின் நீளம் ஏறக்குறைய 9.7 செ.மீ. ஓரங்களை நேர்க்கோடாக வெட்டி முக்கோணமாக்கிவிடக் கூடாது, அந்தந்த இடத்தில் மையத்திலிருந்து எவ்வளவு தூரமோ அதற்கேற்ற அகலம் வேண்டும், பாதித் தூரத்தில் 1.57.

வரைந்து பார்த்தபோதுதான் இந்த வடிவத்தின் குறும்பு புரிந்தது. விளிம்பிலிருந்து மையத்துக்குப் பாதி வழி வருவதற்குள் உயரம் மூன்றரை செ.மீ. ஏறிவிடுகிறது, மிச்சப் பாதிக்கு ஏறுவது வெறும் அரை செ.மீ. உச்சியில் ஏறக்குறைய தட்டை, வளைவெல்லாம் ஓரத்தில்தான். ஆகவே இதழின் உச்சிப் பக்கத்தை விரலால் நீவினாலே போதும், விளிம்புப் பக்கத்தை மட்டும் 4 செ.மீ. விட்டமுள்ள உருளை எதிலாவது வைத்து நன்றாகச் சுருட்டி எடுக்க வேண்டும். எனக்கு ஒரு பழைய பவுடர் டப்பா சரியாக அமைந்தது.

அடுத்தது ஈரம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஜூலையில் ஊட்டியில் மேசை மேல் வைத்த ஐவரி போர்டு என்கிற கெட்டித் தாள் காலையில் படகாக வளைந்து கிடக்கும். காகிதத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு, ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கேதான் அது உப்பும், நார் ஓடும் பக்கம் நீள்வது மிகக் குறைவு. ஒரு துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனைத்துப் பாருங்கள், அது சுருண்டு ஆகும் குழாய் எந்தப் பக்கம் நீளமோ அதுதான் நார்த் திசை. இதழ்களை வெட்டும்போது நார் அகலவாட்டில் வருமாறு வைத்துவிட்டால் இரண்டு வேலை முடிகிறது. ஒன்று, சுருட்டும்போது உடையாமல் வளையும். இன்னொன்று, உப்பல் முழுக்க நீளத்துக்குப் போய்விடும், அகலம் அப்படியே நிற்கும். 16 இதழின் அகலமும் சேர்ந்துதானே சுற்றளவு? ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் கூடினாலும் கடைசி இதழுக்கு 4 மி.மீ. இடிக்கும். நீளத்தில் கூடுவதை உச்சியில் ஒட்டும் சின்ன வட்டத்துக்கு அடியில் மறைத்துவிடலாம். முழுக்க முழுக்க ஏமாற்றுவேலைதான், ஆனால் உருண்டையைக் காகிதத்தில் செய்ய ஏமாற்றாமல் வழியில்லை, எங்கே ஏமாற்றுவது என்பதில்தான் கைத்திறன்.

பிரிண்ட் எடுக்கும்போது கவனம். டவுனில் ஒரு கடையில் சொல்லிச் சொல்லியும் தாளுக்குள் அடங்கும்படி அளவை மாற்றிவிடும் 'ஃபிட் டு பேஜ்' போட்டே எடுத்துக் கொடுத்தார்கள், எல்லாம் கொஞ்சம் சுருங்கி வந்தது. இப்போதெல்லாம் தாளின் மூலையில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவிடுகிறேன், கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு.

மற்றபடி 200 ஜிஎஸ்எம் தாள் (ஒரு சதுர மீட்டர் 200 கிராம் எடை), கோடு கீற மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, ஃபெவிகாலைத் தீக்குச்சி நுனியில் எடுத்து மெல்லிசாக. ஜன்னல் வெட்டும்போது கட்டரை அசைக்காமல் தாளைத்தான் திருப்ப வேண்டும். வெட்டின ஓரமெல்லாம் வெள்ளையாகப் பல்லிளிக்கும், ஒட்டுவதற்கு முன்னாலேயே அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் தடவிவிடுங்கள். கால்களுக்குப் பலர் ஊதுபத்திக் குச்சி வைக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, காகித வீடு என்றால் காலும் காகிதம்தான், இறுக்கிச் சுருட்டிப் பசை ஊறவைத்தால் கல்லாக நிற்கும்.

கோத்தகிரி டீச்சர்

நல்லா எழுதியிருக்கீங்க சார். ஃபியூச்சுரோவை நான் தொட்டதில்லை, ஆனால் அதே வயதுடைய ஒரு விசித்திரம் உங்கள் பக்கத்திலேயே முத்தோரையில் இருக்கிறதே, ரேடியோ டெலஸ்கோப். வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி 1970இல் முடித்தது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை 1:1000இல் பிள்ளைகளோடு செய்தோம், 53 செ.மீ. நீளத்தில் ஒரே பட்டை. நீங்கள் சொன்ன தொல்லை எதுவும் இல்லை, ஏனென்றால் அது ஒரு பக்கம் மட்டுமே வளையும் வடிவம், காகிதம் தானாக வந்து உட்கார்ந்தது. விலா எலும்பு மாதிரி 24 சட்டங்களை அட்டையில் வெட்டி வரிசையாக நிறுத்தி மேலே தாளைப் போர்த்தினோம், அவ்வளவுதான். நிஜத்தில் அந்தப் பரப்பு முழுக்க 1,100 எஃகுக் கம்பிகள், நாங்கள் பென்சில் கோடு போட்டு ஒப்பேற்றினோம்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது அடிப்பலகைதான். மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11, அதனால் சரிவில் படுக்கவைத்ததுமே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பி மணிக்கணக்காக ஒரு விண்பொருளைப் பின்தொடரலாம். எங்கள் மாடலில் ஒரு முனை மற்றதைவிட 10 செ.மீ. உயரம். "சரிவை வெட்டாமலேயே கட்டியிருக்காங்களே மிஸ்" என்று ஒரு பையன் சொன்னான், ஜேசிபி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை.

அடுத்து தோடர் வீடு செய்யப்போகிறோம். அதன் அரைப்பீப்பாய்க் கூரையும் ஒரு பக்க வளைவுதான், அதனால் பயமில்லை.

கொடைக்கானல் வாசி

நான் ஏமாற்றவே இல்லை, காகிதத்தைக் கூழாக்கிவிட்டேன்! எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்து டோம் (குவிமாடம்) மாதிரி ஒன்று செய்ய ஆசை, 1899இல் தொடங்கின இடம், வெள்ளைக் கூரை தூரத்திலிருந்தே தெரியும். பாதி உருண்டைக்கு இதழ் வெட்டிச் சலித்துப்போய், பழைய பேப்பரை ஊறவைத்து, பாட்டி கூடை செய்கிற பக்குவத்தில் வெந்தயம் அரைத்துச் சேர்த்து, கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் அப்பினேன். ஒரு மடிப்பு இல்லை, இழைத்த மாதிரி வந்தது. ஆனால் அது ஐப்பசி. வெயிலே எட்டிப் பார்க்காத மழை, வெளியே காய்ந்த மாதிரி இருந்து உள்ளே பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது, வாசனை வேறு. பாட்டி சிரித்துக்கொண்டே "மாசியில செய்யறதை ஐப்பசியில செஞ்சா?" என்று கேட்டார். பங்குனியில் மறுபடி செய்தது நன்றாக நிற்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன் அண்ணா, மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள், காற்றின் ஈரம் படிந்து பால் மாதிரி வெளுத்துவிடும்.

குன்னூர் தம்பி

அண்ணா, என்னிடம் இடம் குறைவு, 1:100இல் செய்தால் வருமா? உள்ளே நடுவில் கணப்பும் சுற்றிலும் ஆறு படுக்கை நாற்காலியும் இருக்குமே, அதையும் வைக்க ஆசை. ஒட்டுவதற்கு விடும் காதுகள்தான் ரொம்பச் சின்னதாகிவிடுகின்றன.

ஊட்டிக்காரன்

வரும் தம்பி. 8 செ.மீ. விட்டத்தில் இதழ் அகலம் 1.6கூட இருக்காது, காதை மறந்துவிடு. இதழ்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்பக்கமாக 4 மி.மீ. டிஷ்யூ பட்டை ஒட்டு. 200 ஜிஎஸ்எம் அந்த வளைவுக்கு ஒத்துழைக்காது, 120 போதும். நாற்காலி வைப்பதானால் மேல்மூடியை ஒட்டாமல் கழற்றும்படி விடு, இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது உள்ளே கணப்பு இருக்கிறதென்று. தாளை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்து வேலை செய்யும்போது மட்டும் எடு, குன்னூர் மூடுபனிக்கு அதுதான் வழி.

டீச்சர், தோடர் வீட்டுக்கு வாசலை மறந்தும் பெரிதாக வெட்டிவிடாதீர்கள், நிஜத்தில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.