கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராம லுத்தரன் சபையின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

காவேரிப்பட்டணம் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கும் பர்கூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் எங்கள் சபை இருக்கிறது. இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஆம்பூர் சினாடு என்ற நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த சிறிய சபை அது. ஆலய ஆண்டு விழாவையொட்டி மலர் ஒன்று வெளியிடச் சபைக் கமிட்டி முடிவு செய்து, வரலாற்றுப் பகுதியை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், ஒரு சாரார் ஆலயத்தைக் கட்டியவர் ஜெர்மன் துரை என்கிறார்கள். மற்றொரு சாரார் அமெரிக்க மிஷன் கட்டியது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்தவர்கள் நாம் என்று சொல்பவர்களும் உண்டு. முன்பு வெளிவந்த ஒரு மலரில் மிஷனெரிமார்களின் பெயர்களும் அவர்கள் இருந்த ஆண்டுகளும் மட்டுமே இருக்கின்றன. எங்கள் பாட்டன் பூட்டன்மார் யாரைக் கேட்டு, ஏன், எப்போது இந்தச் சபையில் சேர்ந்தார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. ஆலயத்தில் பழைய பதிவேடுகள் சில இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிப்போன கற்கள் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு சபையாருடைய வரலாறாகவே ஒன்றை எழுத முடியுமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆம்பூர், ஓய்வுபெற்ற போதகர்:

தம்பிக்குக் கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். உங்கள் ஊரில் முதல் இரண்டு சாரார் சொல்வதும் உண்மையே. ஜெர்மானிய ஊழியரும் அமெரிக்க மிஷனும் ஒன்றாக வந்து சேர்ந்த இடம் கிருஷ்ணகிரி.

தரங்கம்பாடியை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று அங்கே கரையிறங்கினார்கள். அந்த ஊழியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் பொறுப்பில் வந்தது. அதன் வழியாக உருவான சபைகள் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் தன்னாட்சி பெற்றன. அதற்குத் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. நாம் அந்தத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள் அல்லர், அதன் கிளையும் அல்லர். ஆனால் உறவு உண்டு. பங்காளி வீடு என்று சொல்லலாம்.

உறவு எப்படி என்றால், லைப்சிக் மிஷனில் தமிழ்நாட்டில் ஊழியம் செய்துவந்த தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்ற இருவர், வேதாகமம் சொல்லுக்குச் சொல் தேவ ஆவியால் அருளப்பட்டதா என்ற கேள்வியில் தங்கள் தலைமையோடு உடன்பட முடியாமல் அந்த மிஷனை விட்டு விலக நேர்ந்தது. அதே காலத்தில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் 1847இல் அமைத்த மிசூரி சினாடு என்ற லுத்தரன் திருச்சபை வெளிநாட்டில் ஊழியம் தொடங்க விரும்பியது. அவர்கள் முதலில் நினைத்த நாடு ஜப்பான். தமிழை முன்பே கற்று, இந்த மண்ணில் பழகிய இருவர் கிடைத்தபோது அவர்கள் கவனம் இந்தியா பக்கம் திரும்பியது. 1894இல் அமெரிக்காவில் இருவரையும் பிரதிஷ்டை செய்து அனுப்பினார்கள். 1895இல் நேத்தர் கிருஷ்ணகிரியிலும், 1896இல் மோன் ஆம்பூரிலும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். ஆகவே மிசூரி சினாட்டின் இந்திய ஊழியத்துக்கே முதல் ஊர் உங்கள் கிருஷ்ணகிரிதான். இதை மலரின் முதல் பக்கத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

நேத்தர் 1904இல் பிளேக் என்ற கொள்ளைநோயால் கிருஷ்ணகிரியில் இறந்தார். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் இரண்டே ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானத்துக்குள் வந்துவிட்டது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் இருந்த கிருஷ்ணகிரி அதற்கு எளிதில் எட்டும் தொலைவில் இருந்தது. மிஷனெரி இறந்த செய்தி எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. அதே நோயில் இந்தப் பகுதியில் இறந்த சாதாரண மக்களைப் பற்றி மிஷன் வரலாறுகளில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. உங்கள் அடக்கப் பதிவேடு அந்தக் காலத்துக்குப் போகுமானால், அதில் தேட வேண்டியது இதைத்தான்.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1907இல் ஊழியம் நாகர்கோவில் பக்கம் பரவியது. ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனை 1921இல் வந்தது. நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரி 1924இல் தொடங்கியது. 1958இல் மிஷன் என்ற நிலை மாறி இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் மிஷன் பெயர்தான் இருக்கும், திருச்சபையின் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மிஷனெரியின் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. மழையிலும் வெயிலிலும் சபையோடு இருந்தவர் உபதேசியார். வாரநாளில் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மாலையில் பெரியவர்களுக்கு மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் விசுவாசப் பாடத்தை வாய்மொழியாகப் பாடம் செய்வித்து, ஞாயிறு அன்று ஜெபம் நடத்தி, சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர். உங்கள் சபையின் வரலாற்றை உபதேசிமார்களின் வரிசையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

தருமபுரி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை:

போதகர் ஐயா சொன்னதோடு, ஆவணங்களைத் தேடும் முறையைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதே பலருக்கு முதல் குழப்பம். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே 1895ஐச் சேர்ந்த எந்தக் காகிதத்திலும் உங்கள் ஊர் சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி தாலுகா என்றே இருக்கும். அதேபோல் தருமபுரி, சேலம் பக்கத்துப் பழைய புராட்டஸ்டண்டு ஆலயங்கள் பல லண்டன் மிஷன் வழி வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தவை. அவற்றின் செய்திகளை உங்கள் சபையோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டைக் கையில் எடுத்தால் பெயர்களை மட்டும் படிக்காதீர்கள். நான் பார்த்த பழைய பதிவேடுகளில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஊர், தொழில், சாட்சிகள், நடத்தியவரின் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். பிறந்த நாள் கட்டத்தில் நாளுக்குப் பதிலாக "சுமார் முப்பது வயது" என்று எழுதியிருந்தால், அவர் சபையில் பிறந்தவர் அல்லர், வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர். ஒரே நாளில் ஒரே ஊரைச் சேர்ந்த பல வீடுகள் வரிசையாகப் பதிவாகியிருந்தால், அது தனிமனித முடிவு அல்ல, ஒரு தெருவே கூடிப் பேசி எடுத்த முடிவு. சாட்சிகள் கட்டத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவர்தான் பெரும்பாலும் உபதேசியார் அல்லது பள்ளி ஆசிரியர். போதகர் ஐயா கேட்ட வரிசையை அங்கிருந்தே எழுதிவிடலாம்.

ஊர் என்ற கட்டம் இன்னும் அதிகம் பேசும். இந்தப் பகுதியிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் ஏராளம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொந்த ஊர் ஆலயத்துக்கு வருவார்கள். ஊர் கட்டத்தில் சுரங்கக் குடியிருப்பின் பெயர் இருக்கும். பிற்காலப் பக்கங்களில் பெங்களூரும் ஓசூரும் வரும். சபை சுருங்கிய காலம், பணம் வந்து ஆலயம் பழுதுபார்க்கப்பட்ட காலம் எல்லாம் இதோடு பொருந்திப் போவதைக் காண்பீர்கள். அடக்கப் பதிவேட்டில் 1918ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைத் தவறாமல் பாருங்கள். இன்புளுயன்சா என்ற விஷக்காய்ச்சல் இந்தியா முழுவதையும் வாட்டிய காலம் அது.

திருமணப் பதிவேடு தொலைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பதிவுகளின் பிரதிகள் அரசின் பதிவுத்துறைக்கு அனுப்பப்பட வேண்டும். ஆலய நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேளுங்கள். நிலத்தை எழுதிக்கொடுத்தவர் யார் என்று தெரிந்தால், சபை வந்தபோது ஊரார் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் ஓரளவு தெரியும்.

கல்லறைக் கற்களைச் சுண்ணாம்பு கொண்டோ கம்பித் தூரிகை கொண்டோ தேய்க்க வேண்டாம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, கல்லை நீரால் லேசாக நனைத்துப் படமெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். பதிவேடுகளை லேமினேஷன் செய்யவே கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப்பும் ஒட்டக் கூடாது. இரண்டும் சில ஆண்டுகளில் மையையும் காகிதத்தையும் கெடுத்துவிடும். நல்ல மனதோடு செய்யப்பட்ட இந்தக் காரியங்களால் அழிந்த பக்கங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் வாசகர்:

போதகர் ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் மிக்க நன்றி. சபையாருக்கு முதலிடம் தர வேண்டும் என்பதால், ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கங்களை, பெயர், பெற்றோர், சாதி, தொழில் ஆகிய எல்லாக் கட்டங்களோடும், மலரில் அப்படியே படமாக வெளியிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்துள்ளது. இது பொருத்தமானதா?

கிருஷ்ணகிரி, வழக்கறிஞர்:

நண்பரே, அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் இந்த மாவட்டத்தின் ஒரு லுத்தரன் சபையில் வளர்ந்தவன். அந்தப் பக்கங்களின் அருமை எனக்குத் தெரியும்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் என்ற தகுதி முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே தெரு, அதே வேலை, அதே அவமானம். ஆனால் ஆலயத்தின் வாசற்படி ஏறியதால் சான்றிதழ் மாறிவிடுகிறது. இந்த அநீதியைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசியும் வழக்காடியும் வருகிறார்கள். 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் ஞானஸ்நானப் பதிவையும் கருத்தில் கொண்டே அதை மறுத்துத் தீர்ப்பளித்தது. ஆகவே நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கம், இன்று கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தொடக் கூடும். அந்தக் குடும்பத்தில் சிலர் இப்போது வேறு வழிபாட்டில் இருக்கலாம். அவர்களிடம் கேட்காமல் அவர்கள் பூட்டனின் சாதியை அச்சிட நமக்கு உரிமை இல்லை.

இதற்காகச் சாதியைப் பற்றியே பேசாமல் வரலாறு எழுதச் சொல்லவில்லை. எந்தத் தெருக்காரர்கள் முதலில் வந்தார்கள், அவர்களுக்குப் பொதுக் கிணறு மறுக்கப்பட்டதா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்க்கப்படவில்லை, மிஷன் பள்ளி வந்த பின் என்ன மாறியது என்பதையெல்லாம் உரைநடையில், தனிக் குடும்பத்தைச் சுட்டாமல், தைரியமாக எழுதுங்கள். ஆலயத்துக்குள்ளேயே தனித்தனியாக உட்கார்ந்த காலம் இருந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பெயரோடு எழுத வேண்டிய இடங்களில் இன்றைய வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். உபதேசிமார்களின் குடும்பத்தினர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

பதிவேடுகளை முழுவதும் படமெடுத்து, ஒரு பிரதியைச் சினாடு அலுவலகத்திலும் மற்றொன்றைச் சபையின் பெட்டியிலும் வைத்து, யார் எப்போது பார்த்தார்கள் என்று குறிக்க ஒரு நோட்டையும் சேர்த்து வையுங்கள். அதைக் கமிட்டித் தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டால், பொறுப்பாளர்கள் மாறினாலும் நடைமுறை மாறாது.